கோவிவனுக்கு ஒரு கேம்



பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை, இந்தப் பக்கம் சேலையூர், மேடவாக்கம், அந்தப் பக்கம் முடிச்சூர், படப்பை என்று கல்லூரிகளிலும் குறுகிய மாடிப்படி ஏறிப் போகும் பயிற்சி மையங்களிலும் கேம் டிசைனும் அனிமேஷனும் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நான் கிழக்குத் தாம்பரத்துக்காரன். டி.வி.யில் கேசட் செருகி 'கான்ட்ரா' ஆடிய தலைமுறை. பிறகு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து 'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'யும் 'வைஸ் சிட்டி'யும் ஆடியவன். ஆகவே, எந்நேரமும் கம்ப்யூட்டரே கதியா என்று திட்டுவதற்காக இந்த மடல் இல்லை. அதைத் திட்ட வீட்டில் ஆள் இருப்பார்கள்.

உங்கள் கல்லூரி விழாக்களில் வைக்கும் கேம் மாதிரிகளை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஆடிப் பார்க்கிறேன். வேலை சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் தண்ணீர் மாதிரி அசைகிறது, நிழல் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. எங்கள் காலத்தில் வெளிநாட்டு கம்பெனிகளே திணறிய விஷயங்களை நீங்கள் மடிக்கணினியில் செய்துவிடுகிறீர்கள். ஆனால் அந்த நாயகனைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அதே ஆள். கட்டுமஸ்தான உடம்பு, காற்றில் பறக்கும் முடி, ஆளைவிடப் பெரிய வாள். பெயர் ருத்ரா, அல்லது வீரா, அல்லது அக்னி. எரிந்துபோன ஒரு நிலத்தில் தனியாக நிற்பான். அவனுக்குப் பின்னால் பாசி படிந்து கை உடைந்த ஒரு பிரம்மாண்டமான சிலை. "இது யாரு சிலைப்பா?" என்று கேட்டால், "சும்மா பேக்ரவுண்டு, அங்கிள்" என்று பதில் வருகிறது.

அந்தச் சிலையையும் அந்த நாயகனையும் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

கேரக்டர் டிசைன் வகுப்பில் முதல் பாடமாக என்ன சொல்லித் தருகிறார்கள்? உருவம் முழுக்கக் கறுப்பு மை பூசினாலும் வெளிக்கோட்டை வைத்தே ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்பதுதானே. அந்தப் பாடத்தை மாலை மங்கும் நேரத்தில் பேருந்து ஜன்னல் வழியாக இலவசமாகவே படிக்கலாம். ஒற்றை விரல் தூக்கியிருந்தால் அண்ணா. இரண்டு விரல், தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்றால் எம்.ஜி.ஆர். கோட்டும் கையில் புத்தகமும் நீட்டிய விரலும் அம்பேத்கர். தாடியும் கைத்தடியும் பெரியார். முண்டாசும் மீசையும் பாரதி. எந்தத் தெருமுனையிலும், எவ்வளவு மலிவான சிமெண்டில் செய்திருந்தாலும், தங்கப் பெயின்ட்டை எவ்வளவு கனமாக அப்பியிருந்தாலும் ஆளில் குழப்பமே வராது. முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சில இடங்களில் குழப்பம் வரும்.

இந்த அடையாளங்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். திருவள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தார்; 1964-இல் அந்தப் படம் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது; அன்றிலிருந்து அதுதான் வள்ளுவர். பேருந்திலும் பாடப் புத்தகத்திலும் அந்த முடிச்சுக் குடுமியும் தாடியும் எழுத்தாணியும்தான். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலைகள் வந்தபோது வள்ளுவரோடு ஔவையார், கண்ணகி, கம்பர் என்று முகம் தெரியாதவர்கள் பலருக்கு முகம் கிடைத்தது. 2000 ஜனவரி முதல் தேதி கன்னியாகுமரியில் 133 அடியில் வள்ளுவர் எழுந்து நின்றார். செய்தவர் கணபதி ஸ்தபதி. அதிகாரத்துக்கு ஓர் அடி. அதில் பீடம் 38, சிலை 95. எண்ணை வைத்தே கதை சொல்லிவிட்டார் மனிதர். லெவல் டிசைன் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

ஜப்பானில் இதே மாதிரி உட்கார்ந்து யோசித்த இன்னொருவர் ஷிகெரு மியாமோட்டோ. 1981-இல் 'டாங்கி காங்' கேமுக்காக ஒரு தச்சனை வரைய வேண்டியிருந்தது. அன்றைய திரையில் புள்ளிகள் குறைவு. வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். முடி வரைவது தொல்லை, தொப்பி போட்டார். கை அசைவது தெரியவேண்டும், ஓவரால் மாட்டிவிட்டார். அந்தத் தச்சன்தான் பிறகு மாரியோ ஆனான். உலகத்தில் யாருக்கும் இன்று அவனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இல்லாமையிலிருந்து பிறந்த உருவம் அது. உங்களுக்கு இல்லாமை என்பதே இல்லை. கட்டுமஸ்தான உடம்பு ரெடிமேடாகவே இறங்கி வருகிறது, ஓடுவதும் குதிப்பதும்கூடச் சேர்ந்தே வருகிறது. அதனால்தான் உங்கள் ருத்ராவும் குரோம்பேட்டைக்காரரின் வீராவும் ஒரே அச்சில் வார்த்த இட்லிகளாக இருக்கிறார்கள்.

சிலையையும் கேம் நாயகனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மெரினாவில் 1959-இலிருந்து காந்தி நடந்துகொண்டே நிற்கிறார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. அதே காந்தி 'சிவிலைசேஷன்' கேமில் அணுகுண்டு போடுகிறவராகப் பேர் வாங்கினார். 1991-இல் வந்த முதல் கேமில் ஏதோ கணக்குப் பிழையால் காந்திக்கு வெறி தலைக்கேறிவிட்டது என்று பல வருடம் உலகமே நம்பியது. 2020-இல் அதை உருவாக்கிய சிட் மேயர், அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். யார் கேட்டார்கள்? கதை நன்றாக இருந்தது, ஒட்டிக்கொண்டது. சிலையாக நின்றவரை அசைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது.

கேம் நாயகனுக்கோ எதிர்ப்பக்கத்து வியாதி. அவனால் சும்மா நிற்க முடியாது. 1991-இல் வந்த 'சோனிக்'கைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டே காலைத் தட்டுவான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் நிற்கும் சிலை மனிதரைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்களே. ராஜ உடை, முறுக்கு மீசை. சுற்றி நின்று எல்லோரும் பல்லைக் காட்டிக் கோமாளித்தனம் செய்வார்கள்; அவர் சிரிக்க மாட்டார், இமைகூட அசங்காது. சோனிக்குக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் இருவரில் யார் செய்வது கடினமான வேலை? நிற்பது ஒரு திறமை என்பதை உங்கள் கேம்கள் எதுவும் கண்டுகொள்வதில்லை. இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் வெளியூர்க்காரர்கள் நம் சிலைகளை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1998-இல் வந்த 'டூம் ரெய்டர்' மூன்றாம் பாகம் இந்தியாவில்தான் தொடங்கும். காட்டுக்குள் பாழடைந்த கோயில். உள்ளே ஆறு கை சிவன் சிலைகள் உயிர்பெற்று வாள் வீசிக்கொண்டு வரும். லாரா கிராஃப்ட் சுட்டுத் தள்ளுவாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. 2017-இல் 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் ஹளேபீடுக்கும் வந்தது. இந்த முறை சிலைகள் அடிக்க வரவில்லை. மலையை ஒட்டி வானளாவ நின்றன. ஏறலாம், பிடித்துத் தொங்கலாம், பூட்டைத் திறக்கலாம். மரியாதை கூடியிருந்தது. ஆனாலும் அவை புதிர்ப்பெட்டிகள்தான். அந்த ஊரில் ஒருவர்கூட அந்தச் சிலைக்கு ஒரு பூ வைத்ததாகத் தெரியவில்லை.

நம்மவர்கள் செய்தபோது வேறு சிக்கல். 2009-இல் ஹைதராபாத் அரோனா டெக்னாலஜீஸ் பிளேஸ்டேஷன் 2-க்கு 'ஹனுமான்: பாய் வாரியர்' செய்தது. அமெரிக்காவில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆஞ்சநேயரை ஜாய்ஸ்டிக்கில் ஆட்டுவதா, கடவுளைப் பயனர் கட்டுப்படுத்துவதா என்பது கேள்வி. தாம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் ஆடி மாதத்தில் சாமியாடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகத்தான் இருக்கும். நம் ஊரில் மனிதருக்குள் சாமி வருவதும், கூத்தில் திரௌபதியாக வேடம் கட்டியவர் காலில் சனங்கள் விழுவதும் புதிதே இல்லை. என்ன, அங்கே ஆட்டுவிப்பது சாமி, ஆடுவது மனிதர். கேமில் தலைகீழ். அந்தத் தலைகீழ்தான் அவர்களை உறுத்தியிருக்கும். சரியாகச் சொன்னால், அந்த கேமை நான் குறைசொல்வது வேறு காரணத்துக்காக: அது மந்தமாக இருந்தது.

புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' நல்ல முயற்சி. நாயகி கழைக்கூத்தாடிப் பெண். காணாமல் போன தம்பியைத் தேடிப் போகிறாள். தெய்வங்கள் ஆயுதம் தருகிறார்கள், ஆனால் அவள் கழையில் ஏறப் பழகிய கால்களால்தான் தப்பிக்கிறாள். தொழிலும் உறவும் உள்ள நாயகி. உங்கள் ருத்ராவுக்கு என்ன தொழில்? அம்மா பேர் என்ன? அவன் என்ன சாப்பிடுவான்?

சாப்பாடு என்றதும் 'வெண்பா' ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா. டொரண்டோவில் 'விசை கேம்ஸ்' 2023-இல் வெளியிட்ட சின்ன கேம். 1980-களின் இறுதியில் கனடா போன தமிழ்க் குடும்பம். நாயகி வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அவளுக்கு வாள் கிடையாது. இட்லிப் பானை உண்டு. அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து எழுத்து அழிந்திருக்கிறது. எந்தத் தட்டை எதன் மேல் வைத்தால் ஆவி சரியாகப் போகும் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. கவின் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழிலிருந்து நழுவிப் போகிறான். அதை நாம் தடுக்கவே முடியாது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் முடியாது. நான் ஆடிய கேம்களில் இதைவிடப் பெரிய தோல்வியைச் சந்தித்ததில்லை. சிலை வைக்கத் தகுந்த நாயகி. ஆனால் வெண்பாவுக்குச் சிலை வைத்தால் அவளே கேலி செய்வாள்.

இதற்கு மறுகோடியில் நட்சத்திரங்கள். 2014-இல் 'கோச்சடையான்' படத்தோடு ஒரு மொபைல் கேம் வந்தது. இன்று யாராவது ஆடுகிறீர்களா? 2023 ஆகஸ்டில் 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' அறிவிப்பில் தோனியையே 'தல' என்ற பெயரில் ஆட்டக்காரராகக் கொண்டுவந்தார்கள். சென்னைக்காரர்களுக்குப் பிடித்த வலையைத்தான் வீசினார்கள். ஆனால் தோனி என்றால் என்ன? கடைசி ஓவர் வரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பவர். அதை விட்டுவிட்டு அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஓடவிட்டால் முகம் மட்டும்தான் மிஞ்சும், ஆள் போய்விடுவார். நட்சத்திரத்தின் முகத்தை ஒட்டுவது கட்-அவுட் வைக்கிற வேலைதான்.

கட்-அவுட் என்றதும் நம் பக்கத்தில் யாரும் மறக்காத ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பர், பள்ளிக்கரணை, ரேடியல் சாலை. கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காக வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம் மென்பொறியாளர் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தார். உங்கள் வயதுதான் அவருக்கு. தலைவர்களின் உருவத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கீழே போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

சிலைகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2001 டிசம்பரில் கண்ணகி மெரினாவிலிருந்து காணாமல் போனாள். ஆட்சி மாறி 2006-இல் சிலம்போடு அதே கடற்கரைக்குத் திரும்பினாள். சிவாஜி கணேசன் 2006-இல் காமராஜர் சாலையில் வந்து நின்று, 2017-இல் நீதிமன்ற உத்தரவால் அடையாறு மணிமண்டபத்துக்குக் குடிபெயர்ந்தார். ஊர்ப்புறங்களில் தலைவர்கள் பலர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். யாராவது சேதப்படுத்தினால் கலவரமாகிவிடும் என்று பயம். சாதியை ஒழிக்கச் சொன்னவரையே சாதிக்குப் பயந்து பூட்டிவைத்திருக்கிறோம். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சாலைகளிலும் பொது இடங்களிலும் புதிய சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. போக்குவரத்து நெரிசலில் தினமும் பெருங்களத்தூரைக் கடப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பில் ஆட்சேபணை இல்லை. ஆனால் புதிய நாயகர்களுக்கு இனி இடம் எங்கே? உங்கள் திரையில்தான் மனை காலியாக இருக்கிறது.

எப்படிப்பட்ட நாயகன் வேண்டும் என்று கேட்பீர்கள். நம் பகுதியிலேயே ஒரு சம்பவம் உண்டு. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு. அடுத்த மாதம் தேர்தல். அவர் பரங்கிமலை வேட்பாளர். பிரசாரத்துக்கு வர முடியாது. ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டோடு இருக்கும் படம்தான் சுவர்களில் போனது. திரையில் அபூர்வமாகவே தோற்றவர், பத்துப் பேரை ஒரே வீச்சில் சாய்த்தவர், கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே வென்றார். அடிபட்ட உடம்பைப் பார்த்துத்தான் சனங்கள் அழுதார்கள். குரல் அதற்குப் பிறகு பழையபடி வரவில்லை. அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் ருத்ராவுக்கு அடிபட்டால் என்ன ஆகிறது? சிவப்புக் கோடு குறைகிறது, பச்சைப் புட்டி குடிக்கிறான், நிரம்பிவிடுகிறது. செத்தால் அதே இடத்தில் எழுந்து நிற்கிறான். எழுந்துவிடப்போகிறவன் விழுந்தால் யாருக்குக் கவலை?

நம் முன்னோர் செத்தவனுக்குத்தான் கல் நட்டார்கள். விழுந்த இடத்தில், விழுந்த காரணத்தை எழுதி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் தமிழி எழுத்தில் இருக்கின்றன. ஒரு கல்லில் கூடலூரில் ஆநிரை கவரும் பூசலில் இறந்தவனின் பெயர் மட்டும் இருக்கிறது. ராஜா பெயர் இல்லை, புகழ்மாலை இல்லை. ஊர், சண்டை, பேர், கல். தொல்காப்பியம் இந்தக் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நீராட்டி நட்டு வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது. ஜப்பானிலிருந்து 2005-இல் 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' வந்தது. 16 பேருருவங்களைக் கொல்ல வேண்டும். ஒன்று விழும்போதெல்லாம் கோயிலில் ஒரு சிலை நொறுங்கும். ஆடி முடிக்கும்போது ஜெயித்த மாதிரியே இருக்காது. சாவுக்கு எடை உண்டு என்று புரிந்துகொண்டவர்கள் செய்த கேம்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். 1863-இல் அந்தப் பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கே தொடங்கியது என்று சொல்லலாம். உங்கள் கேமில் முதல் லெவலில் கிடைக்கும் ஆயுதம், நிஜமாகவே உங்கள் ஊரில் கிடைத்தது! அதே பல்லாவரத்துக் குன்றில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. இன்று அது தர்கா. உள்ளே கல்லில் அந்த ராஜாவின் விருதுப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவனுக்குப் பட்டங்கள் ஏராளம்: விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், சத்துருமல்லன். நாடகம் எழுதியவன், குகை குடைந்தவன், கெட்டிக்காரன்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது புரொஃபைலில் பட்டமாகச் சேர்த்துவைத்திருக்கும் நம் ஃப்ரீ ஃபயர் பையன்கள் நினைவு வராமல் போகாது.

அதே மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காக நடந்த பூசலில் செத்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்து, காவல் நின்றது. கல்லில் அவனோடு நாயையும் செதுக்கினார்கள். அதன் பெயரையும் வெட்டினார்கள். பதினான்கு நூற்றாண்டாகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைக் கோழிக்கே கல் உண்டு. ஒரே ராஜாவின் காலம்: பல்லாவரத்துக் குகையில் அவனுடைய பட்டங்கள், எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாயின் பெயர். எதை கேமாகச் செய்வீர்கள்? நீங்கள் பட்டங்களைத்தான் இதுவரை செய்துகொண்டிருக்கிறீர்கள். நான் நாயைச் செய்யச் சொல்கிறேன்.

முடியாது என்று சொல்லாதீர்கள். 2006-இல் காப்காம் வெளியிட்ட 'ஓகாமி'யில் கதையே அதுதான். ஊரைக் காக்கச் செத்துப்போன வெள்ளை ஓநாய்க்கு ஊரார் சிலை வைத்திருப்பார்கள். நூறு வருடம் கழித்துத் தீமை திரும்ப வரும்போது அந்தச் சிலை உயிர்பெற்று எழும். அதைத்தான் நாம் ஆடுவோம். தூரிகையில் வரைந்த மாதிரி இருக்கும் அந்த கேமை உங்களில் பலர் போற்றுவீர்கள். அவர்கள் கற்பனை செய்துகொண்டது நம்மிடம் கல்வெட்டாகவே இருக்கிறது.

நான் யோசித்த வரையில் கோவிவனின் கேம் இப்படி இருக்கலாம். முதல் சில நிமிடங்களில் எஜமான் செத்துவிடுகிறான். அவனை நீங்கள் காப்பாற்ற முடியாது. வெண்பாவின் மகனைத் தமிழுக்குள் நிறுத்த முடியாத மாதிரிதான். மிச்சம் முழுக்க அந்த இரவு. நீங்கள் நாய். பார்வை மங்கல், வாசனைதான் வரைபடம். எருமைகளின் வாசனை ஒரு திசையில், ரத்தம் இன்னொரு திசையில், முன்பின் தெரியாத இரண்டு மனிதர்களின் வியர்வை காற்று மாறும்போதெல்லாம் இடம் மாறும். துரத்திப் போனால் உடல் தனியாகக் கிடக்கும், நரி வரும். போகாமல் நின்றால் எருமை போகும். பெரும்பாலான நேரம் சரியான விடை நிற்பதுதான். வி.ஜி.பி. வாசலில் நிற்பவரிடம் போய் ஒரு நாள் பாடம் கேளுங்கள். எந்தத் தசை முதலில் வலிக்கும், எப்போது தலை சுற்றும், ஈ மொய்த்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். சும்மா நிற்பதை ஆட்டமாக்கினால், அது உலகில் யாரும் அதிகம் செய்யாத ஆட்டம். விடிந்ததும் ஊர் வருகிறது. அதற்குப் பிறகு கல்லைத் தேடிப் போகிறார்கள், நீராட்டுகிறார்கள், நடுகிறார்கள். அதையும் ஆடவிடுங்கள். பெயர் வெட்டுவது கடைசி. ஆட்டக்காரர் தன் பெயரை அடிக்க இடம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படி ஆரம்பித்தால் உங்களுக்குப் பின்னணியில் நிற்க அந்தக் கை உடைந்த அநாமதேயச் சிலை தேவைப்படாது. சிலை வரவேண்டிய இடத்தில் கடைசியில் வரும். அதுவும் இடுப்பளவுக் கல்லாக. 'ஜி.டி.ஏ.' நான்காம் பாகத்தில் சுதந்திர தேவிக்குப் பதிலாகக் காபிக் கோப்பையோடு ஒரு 'மகிழ்ச்சி தேவி' நிற்பாள். உள்ளே ஏறிப் போனால் சங்கிலியில் கட்டிய இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அதுபோலக் கிண்டலும் செய்யலாம். கூண்டுக்குள் நிற்கும் தலைவர்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஒருவர் கேம் செய்தால் முதல் ஆளாக வாங்குகிறேன். அதற்கு எதிர்ப்பு வந்தால் நானும் கூட நிற்கிறேன்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கேம்களில் வரும் வீராங்கனைகள் ருத்ராவின் அக்கா மாதிரி இருக்கிறார்கள், கவசம் மட்டும் சின்னதாகிவிடுகிறது. கண்ணகிக்குச் சிற்பி ஒற்றைச் சிலம்பையும் உயர்த்திய கையையும்தான் கொடுத்தார். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த செமஸ்டருக்குப் புராஜெக்ட் தலைப்பு கேட்கும்போது ருத்ராவை அடித்துவிட்டுக் கோவிவன் என்று எழுதிக் கொடுங்கள். எடுத்தனூர்ப் பக்கத்துக் கற்களைப் பற்றித் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலை நூலகத்தில் தேடிப் படியுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்து இருக்கிறது. கூகுள் படங்களை நம்பாமல் போய்ப் பாருங்கள், அளவெடுங்கள், வரையுங்கள். கல்லைப் படம் பிடிப்பதற்கு முன் அங்கே இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் நடுகல்தான் வேடியப்பன். இன்றும் பொங்கல் வைக்கிறார்கள்.

அன்புடன்,
கிழக்குத் தாம்பரத்து வாசகன்